அன்னங்களின் முகம் அறிந்தவர்: சர் பீட்டர் ஸ்காட்

தமிழ்க் கவிதைக்கு அன்னம் புதியதன்று. குமரித் துறையில் அயிரை மீன் மேய்ந்து வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலைப் பிசிராந்தையார் தம் நண்பர் கோப்பெருஞ்சோழனிடம் தூது விடுத்த செய்தியைப் புறநானூறு கற்றார் அனைவரும் அறிவர். பறவை பருவந்தோறும் வலசை போவதையும், போகும் வழியில் எங்குத் தங்கும் என்பதையும் அப்புலவர் அறிந்திருந்தார். இமயத்தைக் கடந்து வந்து நம் குளங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் வரித்தலை வாத்தே பழைய நூல்கள் கூறும் அன்னம் என்று கருதுவோர் உளர். ஆயினும், வெண்ணிறமும் நீண்ட கழுத்தும் உடைய மெய்யான அன்னங்கள் வாழ்வது வடபுலக் கடுங்குளிர் நாடுகளில்தான். அந்நாடுகளுள் ஒன்றில் பிறந்து, கடலோரச் சதுப்பு நிலம் ஒன்றில் அன்னங்களை ஒவ்வொன்றாக முகம் கண்டு அறிந்து, பெயரிட்டுப் போற்றிய ஒருவரின் வாழ்க்கை கவிதை நெஞ்சம் உடையார்க்கு இனிய பாடமாகும். அவர் சர் பீட்டர் ஸ்காட். துப்பாக்கியுடன் பறவையைத் தேடிச் சென்ற ஓர் இளைஞர், பறவைக்கு இடையூறு செய்யாமல் அதனைக் காணும் முறையை ஒரு நாட்டுக்கே கற்பித்த வரலாறு அது. வாத்தினத்துள் உடல் பெருத்துப் புல் மேய்வனவற்றை வாத்து என்றும், சிறியனவற்றைத் தாரா என்றும் இக்கட்டுரை குறிக்கும்.

தந்தையின் கடிதம்

பீட்டர் ஸ்காட் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை, தென்துருவப் பயணத்தால் உலகப் புகழ் பெற்ற கேப்டன் இராபர்ட் ஃபால்கன் ஸ்காட். தாய் கேத்லீன், புகழ் பெற்ற சிற்பி. பீட்டர் பான் என்னும் என்றும் வளராச் சிறுவனைப் படைத்த நாடக ஆசிரியர் ஜே.எம். பேரி இக்குழந்தையின் ஞானத்தந்தை ஆவார். குழந்தையின் பெயரும் அக்கதைமாந்தனை ஒட்டி இடப்பெற்றதே.

மகனுக்கு ஒரு வயது நிரம்புமுன் தந்தை தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். 1912ஆம் ஆண்டு சனவரித் திங்களில் துருவத்தை அடைந்தபோது நார்வே நாட்டினர் தமக்கு முன்னரே அங்கு வந்து சென்றதைக் கண்டார். திரும்பும் வழியில், பனிப்புயலிடையே, கூடாரத்திற்குள் உயிர்நீத்தார். இறக்குந்தறுவாயில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இயன்றால் மகனுக்கு இயற்கை வரலாற்றில் ஆர்வம் உண்டாக்குமாறும், விளையாட்டுகளைக் காட்டிலும் அது மேலானது என்றும் குறிப்பிட்டிருந்தார். தந்தையின் முகம் நினைவில் தங்காத வயதில் மகனுக்கு வாய்த்த உடைமை அந்த ஒரு வரியே. புகழ் பெற்ற ஒருவரின் மகன் என்னும் சுமையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. தந்தை தோற்றும் வீரரானவர். மகனோ தம் வழியைத் தாமே தேட வேண்டியவரானார்.

தாய் அக்கடிதத்தைப் பொன்னே போல் போற்றினார். குழந்தையை வெயிலிலும் குளிரிலும் திறந்த வெளியில் வளரவிட்டார். சிறுவன் பல்லியும் தவளையும் புழுவும் பூச்சியும் சேர்த்தான், கண்டதையெல்லாம் வரைந்தான். கேத்லீன் 1922இல் எட்வர்டு ஹில்டன் யங் என்பவரை மறுமணம் செய்துகொண்ட பின்னரும் மகனின் ஓவியப் பயிற்சியும் இயற்கை ஈடுபாடும் தடையின்றித் தொடர்ந்தன.

துப்பாக்கியும் தூரிகையும்

ஔண்டில் பள்ளியில் பயின்ற ஸ்காட், பின்னர்க் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். இயற்கை அறிவியலில் தொடங்கிய கல்வி கலை வரலாற்றில் முடிந்தது. ஆனால், அந்நாட்களில் அவரை ஆட்கொண்டது வகுப்பறையன்று; வேட்டையே. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஃபென் சமவெளியும், அதற்கு அப்பால் வாஷ் என்னும் கடற்கழியும் உள்ளன. குளிர்காலத்தில் வடதுருவப் பகுதிகளிலிருந்து காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்து இறங்கும். விடியுமுன் எழுந்து, உறையும் சேற்றில் படுத்துக் கிடந்து, வாத்துகள் கூட்டமாகத் தலைக்கு மேல் பறக்கும் நேரம் பார்த்துச் சுடுவதில் ஸ்காட் பெருமகிழ்ச்சி கண்டார்.

வேட்டையாடுவோர் பறவையை நேசிப்பதும் உண்டு என்பது முரணாகத் தோன்றலாம். ஸ்காட்டின் வாழ்க்கையில் அது முரணாகவே நின்று, அவரை வருத்தி, இறுதியில் மாற்றியது. பறவை எப்பொழுது எழும், எக்காற்றில் எத்திசையில் திரும்பும், ஓதம் ஏறும்போது எங்கு ஒதுங்கும் என்பனவற்றை எல்லாம் அவருக்குக் கற்பித்தது வேட்டையே. சேற்றில் காத்துக்கிடந்த விடியல்களே அவருடைய ஓவியங்களுக்குக் கருப்பொருளாயின. வைகறை வானில் அணிவகுத்துச் செல்லும் வாத்துகளையும், புயற்காற்றில் தாழ்ந்து இறங்கும் தாராக்களையும் அவர் வரைந்தார்.

மியூனிக் நகரிலும், இலண்டன் அரசக் கலைக்கழகப் பள்ளியிலும் ஓவியம் பயின்ற பின், 1933இல் இலண்டன் ஆக்கர்மன் கூடத்தில் தம் முதற் கண்காட்சியை நடத்தினார். ஓவியங்கள் நன்கு விற்பனையாயின. அவ்வாண்டே நென் ஆறு வாஷ் கழியில் கலக்குமிடத்தில், சட்டன் பிரிட்ஜ் அருகே, பயனற்றுக் கிடந்த கலங்கரை விளக்கம் ஒன்றில் குடியேறினார். ஒருபுறம் உவர்ச்சதுப்பு, மறுபுறம் வயல்வெளி, நடுவே தனிக் கட்டடம். அங்கு வாத்துகளை வளர்த்தார், வரைந்தார், எழுதினார். 1935இல் வெளிவந்த மார்னிங் ஃபிளைட், 1938இல் வெளிவந்த வைல்டு கோரஸ் ஆகிய இரு நூல்களும் அவரை நாடறிந்த ஓவியராக்கின. இவ்வாழ்க்கையின் சாயலில் பால் கேலிகோ தம் ஸ்னோ கூஸ் என்னும் குறும்புதினத்தைப் புனைந்தார் என்பதும், அதன் பிற்காலப் பதிப்பொன்றுக்கு ஸ்காட்டே ஓவியம் வரைந்தார் என்பதும் இலக்கிய அன்பர்கள் அறியத்தக்கவை.

ஒருநாள் வேட்டையின்போது அடிபட்ட வாத்தொன்று எட்டாத சேற்றுப் பரப்பில் கால் முறிந்து வீழ்ந்தது. அச்சேற்றில் இறங்கியவர் மீள முடியாது. எடுக்கவும் இயலவில்லை, கொன்று துன்பத்தை முடிக்கவும் இயலவில்லை. மறுநாள் சென்று பார்த்தபோதும் அது அங்கேயே உயிருடன் கிடந்தது. தம் மகிழ்ச்சிக்காக ஓர் உயிரை இவ்வாறு வருத்தும் உரிமை தமக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா அன்று அவருள் எழுந்தது. உடனே துப்பாக்கியைத் துறந்தார் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பழக்கம் நீடித்தது, வினாவும் உடன் நீடித்தது. போருக்குப் பின்னரே வேட்டையை முற்றிலும் கைவிட்டார். ஒரு மனிதர் மாறுவதற்குப் பல குளிர்காலங்கள் தேவைப்பட்டன என்பதே இவ்வரலாற்றின் நேர்மை.

கடலும் போரும்

ஸ்காட் பாய்மரப் படகு செலுத்துவதிலும் வல்லவர். 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில், கீல் துறைமுகத்தில் நடைபெற்ற ஒற்றையர் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் அரச கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார். அத்திலாந்திக் கடலில் நாசகாரிக் கப்பலில் பணியாற்றினார். பின்னர் ஆங்கிலக் கால்வாயில் நீராவிப் பீரங்கிப் படகுகளுக்குத் தலைமை தாங்கினார். அவர் செலுத்திய படகின் பெயர் கிரே கூஸ், அதாவது சாம்பல் வாத்து. கப்பல்கள் பகைவர் கண்ணுக்குப் புலப்படாதவாறு வண்ணம் தீட்டும் முறையை வகுப்பதிலும் அவருடைய ஓவியக் கண் உதவியது. வீரத்திற்கான விருதுகளும் பெற்றார். 1942இல் எலிசபெத் ஜேன் ஹவர்டை மணந்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற புதின ஆசிரியராக விளங்கிய இவருடனான மணவாழ்க்கை 1951இல் முறிந்தது. போர் முடிந்த 1945இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று, சில நூறு வாக்குகளில் தோற்றார். அத்தோல்வி பறவைகளுக்கு நன்மையாயிற்று.

செவர்ன் கரையில்

1945ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காட், குளோஸ்டர்ஷயரில் செவர்ன் ஆற்றுக் கழிமுகத்தில் அமைந்த ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். உலகின் மிக உயர்ந்த ஓதங்களுள் ஒன்று ஏறி இறங்கும் கழிமுகம் அது. ஓதம் வடிந்தால் கண்ணுக்கெட்டிய தொலைவு சேறும் மணலும் தோன்றும். கரையோரப் புல்வெளியில் வெண்ணெற்றி வாத்துகள் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றிடையே, அந்நாட்டில் காண்பதற்கரிய சிறு வெண்ணெற்றி வாத்து ஒன்றையும் அவர் கண்டார். பெருங்கூட்டத்தில் வேறுபட்ட ஒன்றைப் பிரித்தறியும் அந்தக் கண்ணே அவர் வாழ்வின் அடுத்த பகுதியை முடிவு செய்தது. காட்டு வாத்துகளை ஆராயவும் காக்கவும் மக்களுக்குக் காட்டவும் ஏற்ற இடம் இதுவே என்று துணிந்தார்.

1946ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் செவர்ன் நீர்ப்பறவை அறக்கட்டளை தோன்றியது. பகைவர் படையெடுப்பை எதிர்பார்த்துப் போர்க்காலத்தில் கட்டப்பட்ட காவல் அறைகள் அக்கரையில் எஞ்சி நின்றன. துப்பாக்கி நீட்டுவதற்கென விடப்பட்ட துளைகள் வழியே இப்பொழுது தொலைநோக்கிகள் நீண்டன. அவையே அங்குப் பறவை காண்போர்க்கு முதல் மறைவிடங்களாயின.

ஸ்காட் அங்குச் செயற்படுத்திய முறை எளிமையானது. ஆனால் அக்காலத்தில் புதுமையானது. காண வருவோரைத் தடுக்காமல், பறவையின் கண்ணில் படாமல் அவர்களை அழைத்துச் செல்வது எவ்வாறு என்பதே அவர் தீர்க்க முயன்ற சிக்கல். நடைபாதைகளின் இருமருங்கும் மண்கரைகள் எழுப்பப்பட்டன. கரைகளுக்கிடையே நடந்து மறைவிடத்தை அடைந்த பின்னரே காண்பவர் பறவையைக் காண்பர். பறவை காண்பவரை அறியாது. இம்முறையின் பயனை அறிய ஒரு கணக்கு போதும். குளிர்காலப் பகற்பொழுது குறுகியது. அப்பொழுதுக்குள் மேய்ந்து, உடலில் கொழுப்பைச் சேர்த்தால்தான் இளவேனிலில் நெடுந்தொலைவு திரும்பிப் பறக்க முடியும். திரும்பியபின் முட்டையிடவும் முடியும். ஒருவர் ஆர்வ மிகுதியால் நெருங்கிச் சென்று கூட்டத்தை எழுப்பினால், மேயும் நேரமும் சேர்த்த கொழுப்பும் ஒருங்கே வீணாகும். துப்பாக்கி ஏந்தாதவரும் பறவைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை ஸ்காட் உணர்ந்திருந்தார்.

பறவைகளின் வலசையை அறிய அவற்றைப் பிடித்துக் காலில் வளையமிட வேண்டியிருந்தது. அதற்காக வெடிவிசையால் பாய்ந்து விரியும் வலைகள் ஸ்லிம்பிரிட்ஜில் 1948இல் உருவாயின. 1951இல் ஐசுலாந்தின் நடுப்பகுதிப் பாழ்நிலத்திற்குச் சென்று, இறகுதிர்த்துப் பறக்க இயலாதிருந்த இளஞ்சிவப்புக் கால் வாத்துகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்டவற்றுக்கு ஸ்காட் குழுவினர் வளையமிட்டனர். அப்பயணத்தில் உடன் சென்ற ஃபிலிப்பாவை ரெய்க்யவிக் நகரில் அவர் மணந்தார். வாழ்நாள் முழுவதும் பணியிலும் துணையாக நின்றவர் ஃபிலிப்பா.

அழிவின் விளிம்பில் நின்ற ஓர் இனத்தைப் பெருக்கிய பெருமையும் ஸ்லிம்பிரிட்ஜுக்கு உண்டு. அவாய்த் தீவுகளுக்கே உரிய நேனே என்னும் வாத்து 1950ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ முப்பதே எஞ்சியிருந்தது. அவ்வாண்டில் ஓரிணை ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொண்டுவரப்பட்டது. இணை என்று எண்ணிய இரண்டும் முட்டையிட்டபோதுதான் இரண்டும் பெடை என்பது தெரிந்தது. உடனே அவாயிலிருந்து சேவல் ஒன்று வரவழைக்கப்பட்டது. அவற்றின் வழித்தோன்றல்கள் 1962இல் மாவுயித் தீவின் ஆலேயாக்கலா எரிமலைச் சரிவில் விடப்பட்டன. பின்னர் அவாயிலும் இனப்பெருக்க முயற்சிகள் தொடர்ந்தமையால் இன்று நேனே மூவாயிரத்திற்கும் மேல் பெருகியுள்ளது.

அன்னங்களின் வருகை

1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்காட்டின் வாழ்வில் இனிய திருப்பம் நேர்ந்தது. ஸ்லிம்பிரிட்ஜில் அவருடைய ஓவிய அறையின் பெரிய சாளரத்திற்கு நேரே ஒரு நீர்நிலை இருந்தது. அடைப்பில் வளர்ந்த அன்னங்கள் அதில் நீந்தின. அவற்றால் ஈர்க்கப்பட்டுக் காட்டு அன்னங்கள் வந்து இறங்கின. பீவிக் அன்னம் என்பது அவ்வினத்தின் பெயர். மரச்செதுக்கு ஓவியத்தால் பறவை நூலுக்குப் பெருமை சேர்த்த தாமஸ் பீவிக் என்னும் கலைஞரின் நினைவாக 1830இல் இடப்பட்ட பெயர் அது. இவ்வன்னங்கள் உருசிய நாட்டின் வடதுருவத் துந்திரா வெளியில் கூடு கட்டுவன. அங்கு உறைபனி சூழுமுன், வெண்கடலும் பால்டிக் கடலும் கடந்து, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் பறந்து மேற்கு ஐரோப்பாவின் கடலோரச் சதுப்புகளுக்குக் குளிர்காலம் கழிக்க வருகின்றன.

சாளரத்தின் வழியே அவற்றை வரைந்துகொண்டிருந்த ஸ்காட், எந்த இரண்டு அன்னங்களின் அலகும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கண்டார். கருமையும் மஞ்சளும் கலந்த அவ்வலகில் நிறங்கள் சேரும் எல்லை ஒவ்வொன்றுக்கும் வேறுபட்டிருந்தது. மனிதர்க்கு விரல்ரேகை போன்றது அன்னத்துக்கு அலகு. முன்தோற்றத்தையும் இரு பக்கத் தோற்றங்களையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, அவர் ஏடு ஒன்றைத் தொடங்கினார். பள்ளிச் சிறுமியாக இருந்த மகள் டாஃபிலா இப்பணியில் தந்தைக்கு உற்ற துணையானார். பின்னாளில் இவ்வன்னங்களின் நடத்தையை ஆராய்ந்தே முனைவர் பட்டமும் பெற்றார். அலகில் கருமை மிக்கவை, மஞ்சள் மிக்கவை, மஞ்சளின் நடுவே காசு போன்ற கரும்புள்ளி உடையவை என மூவகையாகப் பிரித்துக்கொண்டமையால் அடையாளம் காண்பது எளிதாயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் அதே முகங்கள் சில மீண்டும் வந்தன. ஆண்டுதோறும் அதே நீர்நிலைக்கு அதே அன்னம் திரும்புவது ஐயமற உறுதியாயிற்று. இணை பிரியாமல் வருவனவும், சாம்பல் நிறக் குஞ்சுகளைத் தம்முடன் அழைத்து வருவனவும், வளர்ந்த பின்னரும் பெற்றோரின் அருகில் வந்து நிற்பனவும் ஏட்டில் பதிவாயின. லான்சலட் எனப் பெயரிடப்பட்ட சேவல் இருபதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்கள் அங்கு வந்தது. ஸ்காட் மறைந்த பின்னும் அப்பதிவு தொடர்கிறது. நாற்பதாண்டுகளில் ஆய்வுக்கு உட்பட்ட ஏறத்தாழ நாலாயிரம் இணைகளில், இரண்டும் உயிருடன் இருக்கும்போதே பிரிந்து வேறு துணை தேடியவை இரண்டு இணைகளே என்று 2010இல் கணக்கிடப்பட்டது. காதலுக்கு அன்னத்தைச் சான்று காட்டிய புலவர்களின் கூற்று ஏட்டுக் கணக்காலும் வலுப்பெறுகிறது.

அன்னங்களைத் தொடாமலும் துரத்தாமலும் தனித்தனியே அறிய முடிந்தது என்பதே இக்கண்டுபிடிப்பின் சிறப்பாகும். வலை வேண்டா; வளையம் வேண்டா; பொறுமையும் கூர்ந்த பார்வையும் போதும். குளிர்கால மாலைகளில் குறித்த நேரத்தில் கோதுமை தூவப்பட்டது. விளக்கொளியில் அன்னங்கள் கூடி உண்பதை மக்கள் கண்ணாடிக்குப் பின்னிருந்து அமைதியாகக் கண்டனர். அதே நேரம், அதே இடம், அதே ஓசை என ஒழுங்கு மாறாதிருந்தமையால் பறவைகள் அச்சம் நீங்கின. கடுங்குளிர் நாட்டின் கானகப் பறவை ஒன்று மனிதர்க்கு இவ்வளவு அருகில் மனமுவந்து வந்து தங்கிற்று.

ஆயினும், இவ்வேடு மகிழ்ச்சியை மட்டும் பதிவு செய்யவில்லை. 1970களின் தொடக்கத்தில், வளையமிடப் பிடிக்கப்பட்ட அன்னங்களை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலில் ஈயக்குண்டுகள் புதைந்திருந்தன. வழிநெடுக உள்ள நாடுகளில் சட்டம் காத்த பறவைகள் அவை. இளமையில் அதே ஈயத்தை வானில் இறைத்தவர், முதுமையை நெருங்கும் வேளையில், பெயர் சொல்லி அறிந்த உயிர்களின் தசைக்குள் அதனைக் கண்டார்.

உலகப் பணி

ஸ்காட்டின் பணி ஸ்லிம்பிரிட்ஜுடன் நின்றுவிடவில்லை. 1955 முதல் பி.பி.சி. தொலைக்காட்சியில் லுக் என்னும் நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தி, காட்டுயிர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தார். 1961இல் உலகக் காட்டுயிர் நிதியம் தோன்றக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர். அவ்வமைப்பின் பாண்டாச் சின்னம் அவர் கைவண்ணமே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் உயிரினக் காப்புக் குழுவுக்கு 1963 முதல் 1980 வரை தலைமை தாங்கி, அருகி வரும் உயிரினங்களைப் பட்டியலிடும் செந்தரவு நூல்கள் உருவாக வழிவகுத்தார். ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானில் உள்ள இராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் வரைவில், ஸ்லிம்பிரிட்ஜ் ஆய்வுத் தலைவர் ஜெஃப்ரி மேத்யூஸ் முதன்மையான பங்கு வகித்தார். அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் தமிழகத்தின் கோடியக்கரை 2002இல் இடம்பெற்றது; வரித்தலை வாத்துகள் வந்து தங்கும் கூந்தன்குளமும் பின்னர்ச் சேர்ந்தது. செவர்ன் கரையில் தோன்றிய எண்ணத்தின் கிளை ஒன்று நம் மண்ணையும் எட்டியுள்ளது.

1966இல் ஸ்காட் தென்துருவக் கண்டத்திற்குச் சென்று, தந்தை தங்கியிருந்த மரக்குடிலைக் கண்டார். அப்பொழுது அவருக்கு அகவை ஐம்பத்தேழு. தந்தை மறைந்தபோதோ நாற்பத்து மூன்று. தம்மினும் இளையவராக நின்றுவிட்ட தந்தையின் இருப்பிடத்தில் மகன் நின்ற காட்சி எண்ணத்தக்கது. ஒரு கடிதத்தின் வேண்டுகோள் அதற்குள் நிறைவேறியிருந்தது. 1973இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1987இல் அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

குறைகளும் உண்டு. லாக் நெஸ் ஏரியில் பெருவிலங்கு வாழ்கிறது என்னும் செய்தியை நம்பி, 1975இல் அதற்கு அறிவியற் பெயரும் சூட்டினார். அறிஞர் பலர் நகைத்தனர். அதனினும் பெரிய பிழை வேறொன்று. ஸ்லிம்பிரிட்ஜில் வளர்த்த வட அமெரிக்கச் செந்தாராக்கள் 1950களில் தப்பிப் பறந்தன. அவை நாடெங்கும் பெருகி, ஐரோப்பாவுக்கும் பரவி, ஸ்பெயினில் அருகிவந்த வெண்தலைத் தாராவுடன் கலந்து அவ்வினத்திற்கே ஊறு விளைத்தன. பிற்காலத்தில் பிரித்தானிய அரசு ஆயிரக்கணக்கான செந்தாராக்களைச் சுட்டு அழிக்க நேர்ந்தது. பறவையைக் காக்க எழுந்த இடத்திலிருந்தே பறவைக்குத் தீங்கு புறப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது. விளைவை எண்ணிச் செயற்படும் விழிப்பும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நிறைவாக

எண்பதாம் பிறந்தநாளுக்கு ஏறத்தாழ இரு கிழமைகளே இருந்த நிலையில், 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஸ்காட் பிரிஸ்டல் நகரில் காலமானார். அன்னங்கள் அப்பொழுது துந்திராவில் இருந்தன. அக்டோபர்த் திங்களில் அவை வழக்கம்போல் ஸ்லிம்பிரிட்ஜுக்கு வரத் தொடங்கும். சாளரத்தின் பின்னிருந்த ஓவியர் அவ்வாண்டு இல்லை.

அவர் தொடங்கிய பதிவேடு இன்று வேறொரு செய்தியைக் கூறுகிறது. வடமேற்கு ஐரோப்பாவில் குளிர்காலம் கழித்த பீவிக் அன்னங்கள் 1995இல் ஏறத்தாழ 29,000 ஆக இருந்தன. 2010இல் அவை 18,000 ஆகக் குறைந்தன. 2020இல் 13,000 அளவிலேயே இருந்தன. குளிர் தணிந்து வருவதால், எஞ்சியவற்றிலும் பல, கடல் கடந்து பிரித்தானியாவுக்கு வராமல் கிழக்கிலேயே தங்கிவிடுகின்றன. மண்கரையும் மறைவிடமும் ஆயத்தமாக இருக்கின்றன. விருந்தினர் குறைந்துகொண்டே வருகின்றனர். வேட்டைக்குண்டு, மின்கம்பி, வற்றும் ஈரநிலம் எனக் காரணங்கள் பலவாகக் கூறப்படுகின்றன. எந்த அன்னம் வந்தது, எது வரவில்லை என்று பெயர் சொல்லிக் கூற முடிவதே ஸ்காட் விட்டுச் சென்ற செல்வம். பெயர் அறியப்பட்ட ஒன்று வராதபோதுதான் இழப்பு இழப்பாகத் தெரியும். பெயரற்ற கூட்டம் குறைவதை யாரும் உணர்வதில்லை.

கவிஞர்க்கும் இவ்வாழ்க்கையில் செய்தி உண்டு. அன்னம் என்று பொதுப்படப் பாடுவது எளிது. இந்த அன்னம், இந்த அலகு, இந்த ஆண்டு என்று காண்பதற்குக் குளிரில் காத்திருக்க வேண்டும். நெருங்க விழையும் ஆவலை அடக்க வேண்டும். பிசிராந்தையார் தம் அன்னம் செல்லும் வழியை அறிந்திருந்தார்; இடையில் அது தங்குமிடத்தையும் அறிந்திருந்தார். அவ்வறிவின்றி அத்தூது பிறந்திராது. தொலைவில் நின்று, தீங்கு செய்யாமல், முகம் அறியும் வரை பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் ஸ்காட்டும் அப்புலவர் மரபில் வைத்து எண்ணத்தக்கவரே ஆவார்.